நாய்க்குட்டிக்குப் பால் ஊற்றலாமா? குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

போன வருஷம் ஐப்பசி மழையில் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு செவலைச் சிப்பிப்பாறைக் குட்டியைப் பாளையங்கோட்டைக்கு எடுத்து வந்தோம். வயது ஐந்து வாரம் சொச்சம். குட்டியைத் தரையில் விட்டதும் ஆச்சி பசும்பாலைக் காய்ச்சி ஆற்றிக் கிண்ணத்தில் ஊற்றினாள். "பச்சப் புள்ளைக்குப் பால் இல்லாம வேற என்னத்தல குடுக்க?" என்றாள். குட்டியும் நக்கி நக்கிக் குடித்தது. மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. "பால் ஒத்துக்கிடல, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, பாலில் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வாந்தி, அன்று ராத்திரி ரத்தம். மருத்துவர் மலத்தை எடுத்துச் சோதித்துவிட்டு, குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸ் என்றார்.

முதலில் வந்த கழிச்சல் பாலால் வந்ததா, வைரஸால் வந்ததா என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு நாளை நாங்கள் இழந்ததற்குக் காரணம் கிண்ணத்தில் இருந்த பால்தான். ஆறு நாள் டிரிப்ஸ் ஏற்றி எங்கள் குட்டி பிழைத்துக்கொண்டது. அதே ஈற்றில் பிறந்து மைனி வீட்டுக்குப் போன குட்டி பிழைக்கவில்லை.

பால் நாய்க்கு விஷம் கிடையாது. ஆனால் தடுப்பூசி முடியாத குட்டிக்குப் பால் கொடுத்தால், கழிச்சல் வரும்போது அது எதனால் என்று உங்களுக்குத் தெரியாமல் போகும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன.

1. குட்டியை வாங்கும் முன்: வயதும் அட்டையும்

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளிலேயே இது இருக்கிறது. நம் பக்கம் முப்பது, முப்பத்தைந்து நாளில் "பால் மறந்துட்டு, தூக்கிட்டுப் போங்க" என்று கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். குட்டி மூன்று, நான்கு வாரத்தில் திட உணவை நக்கிப் பார்க்கத் தொடங்கும். தாய்ப்பாலை முழுசாக விட ஏழு, எட்டு வாரம் ஆகும். அதற்கு முன் பிரித்தால் அந்த இடைவெளியை நாம் மாட்டுப்பாலால் நிரப்பப் பார்ப்போம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பிறந்த தேதி என்ன, பூச்சி மருந்து எந்தத் தேதியில் கொடுத்தார்கள், தடுப்பூசி போட்டிருந்தால் அட்டை எங்கே. அட்டையில் ஊசி மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். "ஊசி போட்டாச்சு" என்ற வாய்ப்பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். கென்னல் கிளப் சான்றிதழ் தருகிறோம் என்றால் அது வம்சாவளிக் காகிதம், தடுப்பூசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாலாவதாக ஒன்று: இதுவரை குட்டி என்ன சாப்பிட்டது? பால் சோறா, கூழா, வாங்கிய தீவனமா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.

2. முதல் வாரம்: பாலை நிறுத்துவது எப்படி

குட்டி ஏற்கெனவே பால் குடித்துப் பழகியிருந்து, மலம் கெட்டியாக, உருவத்தோடு போனால், நான்கு நாளில் பாலைக் குறைத்து நிறுத்துங்கள். முதல் நாள் பழைய அளவில் பாதி, மறுநாள் கால், மூன்றாம் நாள் ஒரு கரண்டி, நாலாம் நாள் ஒன்றுமில்லை. குறைக்கும் இடத்தில் புது உணவு சேரட்டும். மலம் ஏற்கெனவே இளகி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே பாலை நிறுத்துங்கள். உணவையும் தண்ணீரையும் நிறுத்தாதீர்கள்.

ஏன் ஒத்துக்கொள்வதில்லை? பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் குட்டிக்கு அது நிறையச் சுரக்கும், பால் மறக்க மறக்கக் குறையும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். வயிற்றில் கடமுட, காற்று, நீராகக் கழிச்சல்.

தாய்ப்பால் குடிக்கும் குட்டிக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று ஆச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. நாயின் பாலும் மாட்டின் பாலும் வேறு வேறு. நாய்ப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 9 சதவீதம், புரதம் 7 முதல் 8 சதவீதம், லாக்டோஸ் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பசும்பாலில் கொழுப்பு 4, புரதம் 3 சொச்சம், லாக்டோஸ் மட்டும் 5 சதவீதத்தை ஒட்டி. வளர்வதற்கு வேண்டியது பாதிகூட இல்லை, வயிற்றைக் கலக்குவது ஒன்றரை மடங்கு.

சில குட்டிகளுக்குப் பசும்பால் ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டு நாய் பால் சோற்றிலேயே பன்னிரண்டு வருஷம் வாழ்ந்திருக்கும். அந்த நாயின் கதையை உங்கள் குட்டிக்குச் சோதித்துப் பார்க்கும் காலம் தடுப்பூசிகள் முடிந்த பிறகு, நாலு மாதத்துக்கு மேல். அப்போது ஒரு தேக்கரண்டி காய்ச்சி ஆறிய பால் கொடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்க மலத்தைப் பாருங்கள்.

3. "இந்தப் பால் பரவாயில்லை" என்பார்கள்

நான் விழுந்த குழிகள், மற்றவர்கள் விழுந்து பார்த்த குழிகள் எல்லாம் இங்கே.

தண்ணீர் கலப்பது. லாக்டோஸ் குறையும், அதோடு சத்தும் குறையும். குட்டியின் வயிறு சின்னது, தண்ணீரால் நிரம்பிவிட்டால் சாப்பாடு இறங்காது.

நன்றாகக் காய்ச்சுவது. காய்ச்சினால் கிருமி சாகும், சர்க்கரை அப்படியே இருக்கும். அதற்காகப் பச்சைப் பால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கறந்த பாலில் காசநோய், புரூசெல்லா போன்ற கிருமிகள் வரக்கூடும்.

பாக்கெட் மாற்றுவது. ஆவினில் நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. கொழுப்புதான் மாறுகிறது. லாக்டோஸ் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. எருமைப்பாலும் அதே கதைதான்.

ஆட்டுப்பால். இதைத்தான் அதிகம் பேர் நம்புகிறார்கள். மேலப்பாளையத்தில் ஆடு வளர்க்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்கும் ஒரு செம்பு கொடுத்தனுப்பினார், மனசார. ஆட்டுப்பாலில் கொழுப்பு உருண்டைகள் சின்னதாக இருப்பதால் கொஞ்சம் எளிதாகச் செரிக்கலாம். லாக்டோஸ் மாட்டுப்பாலைவிடச் சிறிதளவுதான் குறைவு.

பால் பவுடர். பாலிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டதுதானே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ் இருக்கும். கைக்குழந்தைகளுக்கான மாவும் குட்டிக்குப் பொருந்தாது, நாய்க்குட்டிக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் அதில் இல்லை.

4. பால் இல்லாமல் என்ன கொடுப்பது

ஐந்து முதல் எட்டு வார வயதில் ஒரு நாளைக்கு நாலு வேளை, அப்புறம் நாலு மாதம் வரை மூன்று வேளை. குட்டிகளுக்கென்று விற்கும் தீவனத்தை வெதுவெதுப்பான வெந்நீரில் பதினைந்து நிமிஷம் ஊறவைத்து மசித்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் எளிது. பையில் "குட்டிகளுக்கு" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரிய நாய்த் தீவனம் வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடுதான் என்றால், உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் போடாமல் வேகவைத்த கோழி, குழைய வடித்த சோறு, வெந்த முட்டை, கொஞ்சம் பூசணி. முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்ற வேண்டாம். கோழி எலும்பை எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு ஊசியாக உடையும்.

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். "பால் இல்லாட்டி எலும்பு எப்படி வளரும்?" என்ற கவலை நியாயமானது. வெறும் சோறும் கறியும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் முன்னங்கால் வளைந்துபோவதை நம் பக்கத்து ஊர்களில் நிறையப் பார்க்கிறோம். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் போல நீளக் கால் வைத்த வகைகளில் அது பளிச்சென்று தெரியும். பாலை ஊற்றி இதைச் சரிக்கட்ட முடியாது, குட்டிக்கு வேண்டிய அளவு வர லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். குட்டித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் சரியான விகிதத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அதைக் கொடுத்தால் மேற்கொண்டு கால்சியம் டானிக் வேண்டாம். பெரிய வகைக் குட்டிகளுக்கு அளவு மீறிய கால்சியமே எலும்பைக் கெடுக்கும். வீட்டுச் சாப்பாடு மட்டும் கொடுப்பவர்கள் குட்டியின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிரம்பி இருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்ற வேண்டும்.

5. தயிர், மோர், நெய், இனிப்பு

தயிர்: உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகள் தின்றுவிடுவதால் பாலைவிட நல்லது. புளிக்காத கெட்டித் தயிர், சர்க்கரை, உப்பு இல்லாமல், நாலு மாதத்துக்கு மேல் ஒன்றிரண்டு தேக்கரண்டி சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். கழிச்சலுக்கு மருந்தாகத் தயிர்ச் சோறு வைத்துக் காத்திருக்காதீர்கள். எங்கள் மைனி வீட்டில் அதுதான் நடந்தது.

மோர்: வெறும் மோர் கெடுதல் இல்லை. நம் வீட்டு மோரில் சின்ன வெங்காயமும் தாளிப்பும் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் வதங்கினாலும் அந்தக் குணம் போகாது. தேங்காய்ப் பால் ஊற்றிச் சொதி வைத்த அன்றைக்கு மீந்ததைக் குட்டிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தேங்காய்ப் பாலில் லாக்டோஸ் கிடையாதே என்று கேட்கலாம். கொழுப்பு அதிகம், வெங்காயமும் கூடவே கிடக்கிறது. வேண்டாம்.

பன்னீர்: உப்பில்லாத பன்னீர் ஒரு சின்னத் துண்டு, பெரிய குட்டிக்குப் பரிசாக. பாக்கெட் சீஸில் உப்பு அதிகம்.

நெய், வெண்ணெய்: லாக்டோஸ் அநேகமாக இல்லை. ஆனால் கொழுப்பு திடீரென்று அதிகமானால் கணையம் வீங்கிவிடும், வலியும் வாந்தியுமாகக் குட்டி துவண்டு போகும். அல்வாவும் இதில்தான் சேர்த்தி. நம் ஊர் அல்வாவில் ஊற்றுவது கோதுமைப் பால் என்றாலும் மீதியெல்லாம் சர்க்கரையும் நெய்யும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா சுண்டிய பாலும் சர்க்கரையும், கேட்கவே வேண்டாம்.

பாயசம், ஐஸ்கிரீம்: பாலைவிட உள்ளே கிடப்பதுதான் ஆபத்து. கிஸ்மிஸ் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டால் ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். இந்த மூன்றில் ஒன்றைக் குட்டி தின்றிருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

6. கழிச்சல் வந்துவிட்டால்: கடிகாரத்தைப் பாருங்கள்

முதல் இளகல் எப்போது என்று நேரம் குறியுங்கள். பால் பொருள் எதுவும் கொடுக்காதீர்கள்.

பாலால் மட்டும் வந்த கழிச்சல் என்றால் குட்டி விளையாடும், சாப்பிடும், வால் ஆட்டும். பாலை நிறுத்திய ஒரு நாளில் மலம் கெட்டிப்படத் தொடங்கும். குட்டி சுறுசுறுப்பாக இருக்கும்வரைதான் அந்த ஒரு நாள் அவகாசமும்.

குட்டி சோர்ந்து மூலையில் படுத்தாலோ, ஒரு வேளைச் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தமோ தாங்க முடியாத நாற்றமோ இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள குட்டி சில மணி நேரத்தில் நீர் வற்றிப்போகும். ஈறைத் தொட்டால் வழவழப்பு இல்லாமல் ஒட்டும், பிடரித் தோலை இழுத்து விட்டால் சட்டென்று திரும்பாது. தடுப்பூசி போடாத குட்டிக்குக் கழிச்சல் என்றால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள் என்பதுதான் என் கருத்து.

வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும் குட்டிக்கு வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

எங்கே போவது? பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன் பக்கம் தனியார் சிகிச்சையகங்கள் உண்டு. சங்கரன்கோவில் சாலையில் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே நாய்களையும் பார்க்கிறார்கள். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையைக் குட்டி நன்றாக இருக்கும்போதே போய்ப் பார்த்து, நேரத்தையும் விடுமுறை நாளையும் எழுதி வையுங்கள். கூடவே எடுத்துப் போக வேண்டியவை: தடுப்பூசி அட்டை, மலம் கொஞ்சம் மூடிய டப்பாவில், என்ன தின்றது என்ற குறிப்பு. குட்டியைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருங்கள். காத்திருக்கும் இடத்தில் தரையில் விடாதீர்கள், பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதே காரணத்தால், பார்வோ வந்த வீட்டில் பிளீச்சிங் கரைசலால் தரையைக் கழுவுங்கள், பினாயில் போதாது.

7. தாயில்லாத குட்டி கிடைத்தால்

தெருவோரம் கண் திறக்காத குட்டிகளைக் கண்டதும் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும். தள்ளி நின்று இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். தாய் வந்தால் அதற்குச் சோறும் முட்டையும் தண்ணீரும் வையுங்கள், குட்டிக்கு அதைவிட நல்ல பால் நம்மால் தர முடியாது.

தாய் வரவே இல்லை என்றால், நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடர்தான் வழி. டப்பாவில் போட்ட அளவில் கரைத்து, மணிக்கட்டில் விட்டால் சூடு தெரியாத பதத்தில் கொடுக்க வேண்டும். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் வேண்டாம். மல்லாக்கப் போட்டு ஊட்டக் கூடாது, குப்புறப் படுத்து, தலை லேசாகத் தூக்கி இருக்கட்டும். ஊட்டி முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் மெதுவாகத் தடவிவிடுங்கள். தாய் நக்கிவிடாமல் அந்த வயதுக் குட்டிக்குச் சிறுநீரோ மலமோ தானாக வராது.

உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, உயிருக்கே ஆபத்து. முதலில் சூடு, பிறகுதான் பால். முதல் வாரம் படுக்கை 29 முதல் 32 டிகிரி வேண்டும். நம் ஊரில் பாதி வருஷம் அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். சமையல் தராசில் தினம் எடை பாருங்கள், ஒரு நாள் எடை ஏறாவிட்டாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ராத்திரியில் பவுடர் கிடைக்கவில்லை என்றால், காய்ச்சி ஆறிய கொழுப்புள்ள பாலில் முட்டை மஞ்சள் கருவைக் கலந்து வடிகட்டி மறுநாள் கடை திறக்கும்வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் நீட்டாதீர்கள்.

8. தேதிகளும் செலவும்

பூச்சி மருந்து: இரண்டு வார வயதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று மாதம் வரை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. குடலில் புழு இருந்தாலும் கழிச்சல் வரும், அப்போதும் பழி பால் மேல்தான் விழும்.

பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் இன்னொரு கொடிய வைரஸ் நோய்) சேர்ந்த ஊசி: ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தவணை, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்து, நாலு மாத வயது வரை. ஒரே ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கடைசித் தவணை முடியும்வரை தெருவில் நடக்க விடாதீர்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி: மூன்று மாதத்தில் முதலாவது, மருத்துவர் சொல்லும் நாளில் மறு தவணை, பிறகு வருஷா வருஷம். ஜூலை 6 (விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான உலக நாள்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் நாள்) தேதிகளை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடப்பதுண்டு, விசாரித்து வையுங்கள்.

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம். தனியாரில் ஒரு தவணைக் கூட்டு ஊசி 650 ரூபாய். பூச்சி மருந்து 80 ரூபாய். பார்வோ சோதனை 600 ரூபாய், பத்து நிமிஷத்தில் முடிவு தெரிந்தது. ஆறு நாள் டிரிப்ஸும் மருந்தும் ஆட்டோவுமாக 7,400 ரூபாய்.

மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுப்பது பற்றி உங்கள் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். எங்கே போனாலும் முதலில் கேட்பது வெறிநாய்க்கடித் தடுப்பூசி பதிந்த அட்டையைத்தான். அதை மழையில் நனையாத கவரில் போட்டு, ஒவ்வொரு ஊசி போட்டதும் ஒரு படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள். அடுத்த தவணைத் தேதியை வீட்டு நாள்காட்டியில் எழுதுங்கள், ஆச்சி தினமும் கிழிக்கும் தாளில்.